பளிச்சென்று அடித்த வெளிச்சம் எங்கே போனது?

அறை முழுக்க ஃபிளாஷ் வெளிச்சம் வெட்டியது. பக்கத்தில் நின்ற என் மனைவி கண்ணை மூடித் திறந்தாள். கேமராவின் பின்திரையைப் பார்த்தேன். படம் கன்னங்கரேல் என்று இருந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி வெட்டியது, மறுபடி இருட்டு. "என்னங்க, பளிச்சென்று அடிக்கிறதே, அந்த வெளிச்சம் எங்கேதான் போகிறது?" என்று கேட்டாள். அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஒரு கிரானைட் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மனைவி ஆரி வேலை செய்கிறாள். கல்யாணப் பட்டு ரவிக்கைகளுக்குக் கழுத்திலும் கையிலும் ஜரிகை, முத்து, குந்தன் கல் வைத்துத் தைக்கிற வேலை. முடித்த ரவிக்கைகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காலை வெயிலில் கைப்பேசியால் படம் பிடித்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவாள். சையத் பாஷா மலைக்குமேல் மேகம் கூடிவிட்டால் அன்றைக்குப் படம் இல்லை. வெயில் அடித்தாலும் வில்லங்கம்தான். அரக்குச் சிவப்பு தக்காளிச் சிவப்பாக விழும். "போட்டோவில் ஒரு கலர், கையில் ஒரு கலர்" என்று பர்கூர்க்காரப் பெண் ஒருவர் ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அன்றுதான், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை ஸ்டூடியோவாக மாற்றுவதென்று முடிவு செய்தோம்.

பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று ஏற்கெனவே இருந்தது. பெங்களூருக்குப் போய், நான்கு பென்சில் செல் போடுகிற பழைய ஃபிளாஷ் ஒன்று, அதன் வெளிச்சத்தை மென்மையாக்கும் 60க்கு 90 சென்டிமீட்டர் துணிப்பெட்டி (சாஃப்ட்பாக்ஸ்), ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தேன். கேமராவிலிருந்து ஃபிளாஷுக்கு ரேடியோவில் செய்தி அனுப்பும் டிரிக்கரை மட்டும் வாங்கவில்லை. கஞ்சத்தனம்தான், வேறென்ன. ஃபிளாஷிலேயே 'ஸ்லேவ்' என்று ஒரு வசதி இருந்தது. வேறொரு ஃபிளாஷ் அடிப்பதைக் கண்டதும் தானும் அடிக்கும். கேமராவின் தலையில் எழும்புகிற குட்டி ஃபிளாஷை வைத்தே பெரிய ஃபிளாஷை அடிக்கவைத்துவிடலாம், டிரிக்கர் காசு மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

அடித்தது. படத்தில்தான் வரவில்லை.

அந்தப் பதினோரு நாளில் நான் செய்ததெல்லாம் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினேன், லென்ஸின் துளையைத் திறந்தேன், ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை மாற்றினேன், ஃபிளாஷை முழு சக்தியில் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றியதால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போனது. ஒருநாள் கோபத்தில் ஃபிளாஷைக் கழற்றிப் பார்க்கலாமென்று திருப்புளியை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கரண்ட் போய்விட்டது. ஃபிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். செல்லைக் கழற்றிய பிறகும் அது அடங்காது. அதைத் திறப்பது நமக்கான வேலை இல்லை.

கடைசியில் பழையபேட்டையில் பல வருடமாக ஸ்டூடியோ நடத்தும் ஓர் அண்ணனிடம் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனேன். பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த ஒரு பையனை உட்கார வைத்துவிட்டு என் கேமராவை வாங்கிப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இந்தக் குட்டி ஃபிளாஷ் ஆட்டோவில் இருக்கிறதா, மேனுவலில் இருக்கிறதா?"

ஆட்டோவில்தான் இருந்தது. ஆட்டோவில் இருக்கும்போது குட்டி ஃபிளாஷ் இரண்டு முறை அடிக்கிறது. முதல் அடி அளவெடுக்க. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று கேமரா பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் ஷட்டர் திறக்கிறது, இரண்டாவது அடி விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நம் கண்ணுக்குப் பிடிபடாதபடி சிறியது. ஒரே வெட்டாகத்தான் தெரியும். என் பெரிய ஃபிளாஷோ முதல் அடியைக் கண்டதுமே கையிலிருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, ஷட்டர் திறக்கும்போது வெறுங்கையோடு நின்றிருக்கிறது. வெளிச்சம் போன இடம் அதுதான்: கதவு திறக்கும் முன்பே வந்துவிட்டுப் போய்விட்டது.

அண்ணன் ஃபிளாஷின் முதுகிலிருந்த பொத்தானை அழுத்தி எஸ்1 என்றிருந்ததை எஸ்2 ஆக்கினார். எஸ்1 முதல் மின்னலுக்கே அடிக்கும். எஸ்2 அளவெடுக்கும் அடியை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். குட்டி ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்ற இடம் இருக்கும் கேமராவானால் அதையும் செய்யலாம். அப்போது அளவெடுக்கும் அடியே இராது, எஸ்1 போதும். படம் விழுந்தது. பாஸ்போர்ட் பையன் கைதட்டினான்.

வீட்டுக்கு வந்து சாஃப்ட்பாக்ஸை மாட்டினால் இப்போது ஃபிளாஷ் அடிக்கவே இல்லை. இந்த முறை காரணத்தை நானே கண்டுபிடித்தேன். ஸ்லேவுக்கு ஒரு கண் உண்டு, ஃபிளாஷின் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக்குள். அது சாஃப்ட்பாக்ஸின் துணிக்குப் பின்னால் மறைந்து போயிருந்தது. ஃபிளாஷின் தலையை மட்டும் சாஃப்ட்பாக்ஸ் பக்கம் திருப்பி, உடம்பைத் திருப்பிக் கண்ணைக் கேமராவைப் பார்க்க வைத்தேன், அடித்தது. ஆனாலும் நண்பகலில் ஜன்னலைத் திறந்துவைத்தால் அந்தக் கண் கூசிப்போய்ச் சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது. மாதச் சம்பளம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு ரேடியோ டிரிக்கரே வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருந்தால் பதினோரு நாள் மிச்சம்.

டிரிக்கரும் சாது இல்லை. இரு முனைகளிலும் சானல் எண் ஒன்றாக இருக்க வேண்டும், குழு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். கேமராவின் தலையிலுள்ள ஹாட் ஷூ என்ற காடியில் கடைசிவரை தள்ளி மாட்டி இறுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பின்னால் நின்றாலும் தொடர்பு இருக்காது. நேரலைத் திரையைப் பார்த்தபடி ஓசையில்லாமல் எடுக்கும் முறையில் பல கேமராக்கள் ஃபிளாஷுக்குச் சமிக்ஞையே கொடுக்காது, அதை அணைத்துவிட வேண்டும். என் சக ஊழியர் ஒருவர் இதே டிரிக்கரைத் தன் புதுக் கேமராவில் மாட்டி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். அவருடைய கேமராவின் ஹாட் ஷூவில் நடுவிலிருக்க வேண்டிய உலோகப் புள்ளியே இல்லை. சில ஆரம்பநிலைக் கேமராக்கள் அப்படித்தான் வருகின்றன. அந்தக் கேமராவின் மொழி தெரிந்த டிரிக்கர் மட்டுமே அதில் வேலை செய்யும். கடையில் பெட்டியைப் பிரிக்கும் முன் ஹாட் ஷூவைக் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த தொல்லை கறுப்புப் பட்டை. கழுத்து வேலை பளபளவென்று விழுந்திருக்கிறது, கீழ்ப்பகுதி மட்டும் மையில் முக்கி எடுத்ததுபோல் இருட்டு. படத்தின் அகலத்துக்கு நேர்கோடாக ஒரு நிழல். சாஃப்ட்பாக்ஸ் மறைக்கிறதோ என்று ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். பிழை ஷட்டர் வேகத்தில் இருந்தது. நான் அதை 1/320 நொடியில் வைத்திருந்தேன். ஷட்டர் என்பது கேமராவுக்குள் இருக்கும் இரண்டு திரைகள். ஒன்று நகர்ந்து திறக்கும், மற்றொன்று பின்னாலேயே வந்து மூடும். ஒரு குறிப்பிட்ட வேகம் வரைதான் முதல் திரை முழுசாக விலகிய பிறகு இரண்டாவது கிளம்பும். அதைத் தாண்டினால் முதலாவது போய்ச்சேரும் முன்பே இரண்டாவது புறப்பட்டுவிடும். ஃபிளாஷ் அடிக்கிற கணத்தில் அது மூடிக்கொண்டிருக்கும் பகுதி இருட்டாகிவிடும். பிம்பம், படத்தைப் பதியும் சென்சாரில் தலைகீழாக விழுவதால் அந்த இருட்டு நமக்குப் படத்தின் அடியில் தெரிகிறது. பல கேமராக்களில் அந்த வரம்பு 1/200, சிலவற்றில் 1/250. மலிவான டிரிக்கர்கள் சற்றுத் தாமதமாகச் செய்தி சொல்வதால் 1/200லேயே மெல்லிய பட்டை விழலாம். நான் 1/125ல் வைத்துவிட்டு அதை மறந்தே போய்விட்டேன். துணி அசைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இருட்டறையில் படம் பதிவது ஃபிளாஷ் அடிக்கும் அந்தக் கணத்தில்தான். அது 1/125ஐ விட மிக மிகக் குறுகியது.

இந்த இடத்தில் அண்ணன் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை. எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, எடுக்கப்போகும் அதே அமைப்பில் ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/125. படம் முழு இருட்டாக வர வேண்டும். வந்தால், இனிப் படத்தில் விழுகிற ஒவ்வொரு துளி வெளிச்சமும் நம் ஃபிளாஷுடையது. இருட்டாக வராவிட்டால் ட்யூப்லைட்டோ ஜன்னலோ ஐஎஸ்ஓவோ நடுவில் புகுந்திருக்கிறது. என் கேமராவில் ஐஎஸ்ஓ தானாக ஏறும்படி இருந்தது. இந்த டிரிக்கர் வெறும் மணி அடிக்கிற வகை. ஃபிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. அறை இருட்டாக இருக்கிறதென்று தானே 3200க்கு ஏற்றிக்கொண்டது. பட்டின் நிழல்களில் ட்யூப்லைட்டின் சாயல் படிந்து, ஒரே துணியில் இரண்டு நிறம் தெரிந்தது அதனால்தான். சோதனை முடிந்த பிறகு ஃபிளாஷை 1/4 சக்தியில் போட்டேன். ஒரு மீட்டர் தூரத்தில் சாஃப்ட்பாக்ஸ் வழியே என் ஃபிளாஷுக்கு அது எஃப் 8க்குச் சரியாக இருந்தது. அதற்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் ஃபிளாஷின் சக்தியை மட்டும் மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை.

ஒரு படம் விட்டு ஒரு படம் மங்கலாக வந்தால் செல்லைப் பாருங்கள். மின்தேக்கி நிரம்பும் முன்பே நாம் அடுத்ததை அழுத்திவிடுகிறோம். சாதாரண செல்லைவிட, திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் நிக்கல் செல்கள் 1.2 வோல்ட்தான் என்றாலும் வேகமாக மின்சாரத்தைத் தள்ளும். ஃபிளாஷின் பின்னால் சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருப்பது இன்னும் மலிவான வழி.

பிறகு சுவர். தமிழ்நாட்டு வாடகை வீடுகளின் சுவர்களுக்கு யார் நிறம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரியவில்லை, எங்களுடையது கிளிப்பச்சை. சாஃப்ட்பாக்ஸிலிருந்து சிதறும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, சந்தன நிறப் பட்டின் நிழலிலெல்லாம் பச்சை பூசிவிட்டது. கேமராவில் நிறச் சாயலைத் திருத்தும் வெண்சமநிலையை எப்படித் திருகினாலும் போகவில்லை. வெளிச்சம் விழும் பக்கம் சரியானால் நிழல் பக்கம் கெடும். வீட்டுக்காரர் வண்ணம் மாற்ற ஒப்பவில்லை. என் அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் இரண்டைக் கொடிகட்டித் தொங்கவிட்டோம். பச்சை போன இடம் தெரியவில்லை. வெண்சமநிலையை ஃபிளாஷ் குறியிலேயே நிறுத்திவிட்டேன். தானியங்கியில் விட்டால் சிவப்புப் பட்டுத் துணியைக் கண்டதும் கேமரா அதை ஆற்ற முயன்று நீலத்தைக் கலந்தது.

ஸ்டாண்டு ஒருமுறை காற்றில் சாய்ந்து ஜன்னல் கம்பியில் மாட்டித் தப்பியது. மணல்மூட்டை வாங்கச் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மணல் எதற்கு? பட்டறையில் வெட்டி ஒதுக்கிய கிரானைட் துண்டுகள் இரண்டை மஞ்சள் பையில் போட்டுக் காலில் கட்டிவிட்டேன். மெருகேற்றிய கறுப்புத் துண்டு ஒன்று கம்மல், வளையல் படங்களுக்கு அடிப்பலகையாகவும் ஆனது. துடைக்காமல் எடுத்தால் தூசி நட்சத்திரக் கூட்டமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இவ்வளவும் சரியான பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது: ஜரிகை.

அரக்குப் பட்டில் கழுத்தைச் சுற்றி ஜரிகைக் கொடி, நடுநடுவே பச்சைக் கல், ஓரத்தில் அரிசி முத்து. பதினெட்டு நாள் வேலை. துணியை இழுத்துக்கட்டித் தைக்கிற மரச்சட்டத்தோடு சுவரில் சாய்த்துவைத்து, சாஃப்ட்பாக்ஸைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி எடுத்தேன். நிறம் சரி, கூர்மை சரி, ஆனால் படம் செத்துக்கிடந்தது. கொடி துணியோடு ஒட்டி அச்சடித்ததுபோல் இருந்தது. முத்துகளில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

விளக்கை இடப்பக்கம் கொண்டுபோய், துணியை உரசுகிற மாதிரி சாய்வாக விட்டேன். உடனே ஒவ்வொரு முடிச்சும் தன் நிழலோடு எழுந்து நின்றது. ஆனால் ஜரிகையில் பாதி தங்கம், பாதி புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கு. வலப்பக்கம் திரும்பியிருந்த இழைகளெல்லாம் கறுத்துவிட்டன. வெகுநேரம் பார்த்த பிறகு புரிந்தது. பட்டு நூல் தன் நிறத்தைக் காட்டும். ஜரிகை உலோகப் பூச்சு, அது தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும். வலப்பக்கம் நான் கட்டியிருந்தது கறுப்புப் போர்வை. எங்கோ நிழலை ஆழமாக்கக் கறுப்பு கட்டச் சொல்லிப் படித்திருந்தேன். போர்வையை எடுத்துவிட்டு, ஒரு தெர்மாகோல் அட்டையைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்தேன். ஒரு கோணம் வந்ததும் கறுத்த இழைகள் ஒவ்வொன்றாகப் பொன்னாயின, விளக்கேற்றுவதுபோல. "அப்படியே, அப்படியே நிறுத்துங்க" என்றாள். அட்டையை அந்தக் கோணத்திலேயே நாற்காலியில் சாய்த்து, துணி கவ்வும் கிளிப் போட்டோம்.

அப்போதும் கழுத்தின் வளைவில் சில இடம் மின்னியது, சில இடம் மங்கியது. விளக்குக்குக் குறுக்கே ஓடும் இழை மின்னும். விளக்கை நோக்கி நீளவாக்கில் ஓடும் இழை மங்கும். வட்டக் கழுத்தில் இரண்டும் இருக்கும், தப்ப முடியாது. எந்தப் பகுதியில் வேலை அதிகமோ அது விளக்குக்குக் குறுக்கே வரும்படி சட்டத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதை மனைவிதான் கண்டுபிடித்தாள். தைக்கும்போது விளக்கு வாகாக விழச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பழகியவள். எனக்கு ஒரு மாலை பிடித்தது அவளுக்கு ஒரு நிமிடம்.

பக்கவாட்டு விளக்கில் இன்னொரு கண்ணி உண்டு. விளக்கு ரவிக்கையின் இட ஓரத்திலிருந்து அரை மீட்டர் என்றால், அறுபது சென்டிமீட்டர் அகலத் துணியின் வல ஓரம் 110 சென்டிமீட்டரில் இருக்கும். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறைவதால் வல ஓரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. விளக்கை ஒன்றரை மீட்டருக்குத் தள்ளினால் வல ஓரத்துக்கு ஏறத்தாழப் பாதி கிடைத்துவிடும். மிச்சத்தைத் தெர்மாகோல் பார்த்துக்கொள்ளும். தள்ளத் தள்ள வெளிச்சம் சற்றுக் கடினமாகும் (நிழலின் ஓரம் கூராகும்), சக்தியையும் ஏற்ற வேண்டும். ஜரிகைக்கு அந்தக் கடினம் கொஞ்சம் நல்லதுதான் என்பது என் கட்சி. முகங்களுக்கு நேர்மாறு, அங்கே சாஃப்ட்பாக்ஸின் மூலைவிட்ட நீளத்துக்கு, அதாவது என்னுடையதற்கு ஒரு மீட்டர் சொச்சத்துக்கு, நெருக்கி வைப்பேன்.

முகங்களும் வரத் தொடங்கிவிட்டன. கீழ்வீட்டுத் தாத்தாவுக்கு ஓய்வூதிய விண்ணப்பத்துக்குப் படம் வேண்டுமென்றார்கள். கண்ணாடி இரண்டிலும் சாஃப்ட்பாக்ஸ் சதுரமாக உட்கார்ந்துகொண்டது. விளக்கை உயர்த்தி, காதுப்பக்கம் கண்ணாடிக் காலைச் சற்றே தூக்கிவிட்டதும் போயிற்று. பின்னாலிருந்த வெள்ளைத் துணி சாம்பலாக விழுந்ததற்கு வழி இல்லாமலில்லை: இன்னொரு விளக்கு. மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை.

ராணி பிங்க் நிறம் மட்டும் இன்னும் முழுசாக வசப்படவில்லை. படம் பார்க்கச் சரியாக இருந்தாலும் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து துணியின் நெசவு காணாமல் போகிறது. கேமரா திரையில் காட்டும் மொத்த வெளிச்ச வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது; சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தில்தான் சிவப்பு வலது சுவரில் முட்டுவது தெரியும். அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்து, பிறகு கணினியில் ஏற்றுகிறேன். பாதி வெற்றி.

பர்கூர்க்காரர் தங்கைக்காக மறுபடி ரவிக்கை கொடுத்திருந்தார். படம் அனுப்பிய மறுநாள் நேரில் வந்தார். வாசல் வெளிச்சத்தில் ரவிக்கையையும் கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். நான் உள்ளே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "கலர் அப்படியே இருக்கிறது அக்கா" என்றார். பிறகு விரலால் முத்தைத் தடவியபடி, "போட்டோவில் முத்து இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததே" என்றார்.

அன்றிலிருந்து படம் எடுக்கும்போதெல்லாம் என் மனைவி ஆரி ஊசியைக் கழுத்து வேலைக்குப் பக்கத்தில் துணியிலேயே குத்திவைக்கிறாள், அளவு தெரிவதற்காக. ஊசியின் கொக்கி முனையில் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைக் கீற்றாக விழுகிறது. அதைத் தவிர்க்க ஊசியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று நேற்றிரவு பார்த்துக்கொண்டிருந்தோம்.